ஒரே ஞாயித்துக்கிழமைல பைக் டேங்க் பெயின்ட் அடிச்சு மாட்டிடலாமா?

பிப்ரவரி 4 (கேள்வி)

அண்ணே, பன்னெண்டு வருஷமா ஓட்டுற பைக். இன்ஜின் நல்லா இருக்கு, பாக்கத்தான் பரிதாபமா இருக்கு. டேங்க், ரெண்டு சைடு பேனல், முன் மட்கார்டு, இவ்வளவுதான். ஸ்ப்ரே டின் வாங்கி நானே அடிச்சிடலாம்னு இருக்கேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் மாட்டிடலாமா? பழைய பெயின்ட்ட மொத்தமா உரிக்கணுமா, மேலயே அடிக்கலாமா?

பிப்ரவரி 4, ராத்திரி

முடியாது தம்பி. டின்ன அழுத்திப் பிடிக்கிற நேரத்த மட்டும் கூட்டினா ஒரு மணி நேரம்கூட வராது, அதனாலதான் எல்லாருக்கும் ஒரு நாள் வேலையா தெரியுது. அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி தேய்க்கிறது, தொடைக்கிறது, பின்னாடி காய விடுறது, அதுதான் வேலையே. நாலஞ்சு ஞாயிறுன்னு மனசுல வெச்சுக்கோ. நடுவுல இருக்கிற நாள்லாம் அது பாட்டுக்குக் காயும், உனக்கு அதுல சிரமம் இல்ல.

உரிக்கணுமாங்கிற கேள்விக்கு, கையால தொட்டுப் பாரு. பழைய பெயின்ட் உரியாம, கொப்புளம் இல்லாம, கெட்டியா பிடிச்சிருக்கா? அப்போ அதை உரிக்காத. கம்பெனில சூடேத்திக் காய வெச்ச அந்தக் கோட்டிங் மாதிரி ஒரு அடித்தளத்த நீயும் நானும் வீட்டுல செய்ய முடியாது. 400-ம் நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு மினுமினுப்பு போற வரைக்கும் தேய்ச்சா போதும். துரு கிளம்பின இடம், பெயின்ட் தூக்கிட்டு நிக்கிற இடம், அங்க மட்டும் தகரம் தெரியிற வரைக்கும் போகணும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு. பன்னெண்டு வருஷத்துல யாராவது நடுவுல ஒரு தடவை அடிச்சிருக்கலாம். டேங்குக்கு அடில, வெளிய தெரியாத மூலைல, தின்னர்ல நனைச்ச துணிய அரை நிமிஷம் அமுத்தி வை. துணில கலர் ஒட்டுச்சுன்னா அது லேக்கர், அதாவது தின்னர் ஆவியாகியே காயிற வகை, தின்னர் பட்டா மறுபடி கரையும், யாரோ பின்னாடி அடிச்சது. பெயின்ட் ஊதிச் சுருங்கினா எனாமல், அது காத்துல மெல்ல இறுகிக் காயிற வகை. ஒண்ணுமே ஆகலன்னா கம்பெனி பெயின்ட், இல்லன்னா ஹார்டனர் (பெயின்ட்ட இறுக வைக்கிற மருந்து) கலந்து அடிச்சது, தைரியமா மேல போகலாம். எனாமல் மேல லேக்கர் ஸ்ப்ரே அடிச்சா கீழ இருக்கிறது பொங்கிச் சுருண்டுக்கும், அந்த மாதிரி இருந்தா உரிச்சே ஆகணும்.

பிப்ரவரி 5

மேல சொன்ன தின்னர் சோதனை தகரத்துக்கு மட்டும். சைடு பேனல் பிளாஸ்டிக்கா இருந்தா தின்னரை அது பக்கமே கொண்டு போகாத, சில பிளாஸ்டிக் வெள்ளையாகி விரிசல் விடும். பேனலோட பின்பக்கம் சின்னதா எழுத்து வார்த்திருப்பாங்க, பாரு. ஏபிஎஸ்னு இருந்தா பெயின்ட் சுமாரா நல்லாவே பிடிக்கும். பிபின்னு இருந்தா எதுவுமே ஒட்டாது, அதுக்குன்னு தனியா பிளாஸ்டிக் பிரைமர் (கலர் ஒட்டறதுக்கு முதல்ல அடிக்கிற அடிப்பூச்சு) இருக்கு, நிறமில்லாம தண்ணி மாதிரி இருக்கும், அத ஒரு கோட்டு அடிச்சிட்டுத்தான் மத்தது. அத விட்டுட்டு அடிச்சா ஆறே மாசத்துல தகடு தகடா கழண்டு வரும்.

பிப்ரவரி 5, மத்தியானம்

தேய்க்கறதுக்கு முன்னாடி கழுவு. தேய்ச்ச பிறகு இல்ல, முன்னாடி. இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா நான் முதன்முதலா அடிச்ச கார் கதவு முழுக்க வீணானது இதுல தான்.

பன்னெண்டு வருஷத்துல எத்தனை தடவை பாலிஷ் போட்டிருப்ப. அதுல பலதுல சிலிகான் இருக்கும். கழுவாம உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்த மெழுகும் சிலிகானும் தேய்ச்ச கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் எவ்வளவு தொடைச்சாலும் வராது. மேல பெயின்ட் விழுந்ததும் அங்கங்க குட்டிக் குட்டி வட்டமா விலகி நிக்கும், நடுவுல அடித்தளம் தெரியும். மீன் கண்ணுன்னு சொல்லுவாங்க. எனக்குக் கதவு முழுக்க வந்துச்சு. அந்தக் கதவ ஒரு வாரம் கழிச்சு மறுபடி முதல்ல இருந்து தேய்ச்சேன்.

முதல்ல சோப்புத் தண்ணி, நல்லா காய விடு, அப்புறம் மெழுகு எடுக்கற திரவத்துல நனைச்ச ஒரு துணி, அது ஆவியாகிறதுக்குள்ள உலர்ந்த இன்னொரு துணியால துடைச்சு எடு. ஒரே துணியால தேய்ச்சா அழுக்க இங்க இருந்து அங்க நகர்த்துறதுதான் நடக்கும். அப்புறமா தேய்ப்பு. தேய்ச்ச பிறகும் இன்னொரு தடவை இதே மாதிரி. அதுக்கப்புறம் வெறுங்கையால தொடாத, கைல இருக்கிற எண்ணெயே போதும் கெடுக்கறதுக்கு.

பிப்ரவரி 6

டேங்கக் கழட்டுறத பத்தி எழுதவே இல்ல. பெட்ரோல வடிச்சிட்டா ஆபத்து போச்சுன்னு நினைக்காத, அங்கதான் ஆரம்பிக்குது. நிறைஞ்ச டேங்க விட வடிச்ச டேங்க்ல தான் ஆவியும் காத்தும் கலந்து வெடிக்கிற பதத்துல இருக்கும். மூடியத் திறந்து வெச்சு காத்தோட்டமான இடத்துல ரெண்டு மூணு நாள் விடு. அதுக்கப்புறமும் கிரைண்டர், ஹீட் கன், வெல்டிங் எதுவும் கிட்டயே வேண்டாம். துருவ கையால தேய்ச்சு எடு. அடில இருக்கிற குழாய் துவாரத்தையும் மேல மூடி வாயையும் நல்லா அடைச்சிட்டுத் தேய், தேய்க்கிற மண்ணு உள்ள விழுந்தா கார்புரேட்டர்ல போய்த்தான் நிக்கும்.

அதே மாதிரி பழைய பெயின்ட்ட உலர்வா தேய்க்கறப்ப வாய்க்கு மாஸ்க். முன்னாடி காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புல ஈயம் கலந்திருப்பாங்க. தண்ணி விட்டுத் தேய்ச்சா தூசி பறக்காது, அந்தத் தண்ணிய குழந்தைங்க விளையாடுற இடத்துல ஊத்தாத.

பிப்ரவரி 11 (கேட்ட தம்பி)

அண்ணே, கழுவித் தேய்ச்சாச்சு. டேங்க்ல இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு அமுக்கு இருக்கு, பெயின்ட் இருந்தப்ப தெரியல, இப்ப தெரியுது. பள்ளத்த நிரப்ப பட்டி போடணுமா?

பிப்ரவரி 11, ராத்திரி

போடணும். மினுமினுப்பு வந்த பிறகு இப்ப தெரியிறத விட நாலு மடங்கு தெரியும். வெளிச்சம் அதுல வளையும்போது கண்ணு நேரா அங்க தான் போகும்.

பட்டியோட வர்ற ஹார்டனர் எடைல நூத்துக்கு ரெண்டு பங்கு, அவ்வளவு தான். சீக்கிரம் காயட்டும்னு கூட வெச்சா காயும், ஆனா அந்த ஹார்டனர் மிச்சமாகி மேல வந்து பெயின்ட்ல கறையா தெரியும், வெள்ளைல மஞ்சளா நிக்கிறத நான் பாத்திருக்கேன். கம்மியா வெச்சா என்னைக்கும் பிசுபிசுப்பு போகாது. குழப்பும்போது கலர் ஒரே மாதிரி ஆகுற வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கலக்கு, அடிச்சுக் கலக்குனா காத்து உள்ள போய் ஊசித் துவாரமா வரும். கலந்ததுல இருந்து அஞ்சாறு நிமிஷம்தான் கைல நிக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்கு. ஒரே தடவைல மொத்தமா அப்பாம மெல்லிசா ரெண்டு மூணு தடவை.

துரு மேல பட்டி போடாத. பட்டிக்கு அடில துரு நிக்காது, நடந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப முக்கியமானது. பட்டியத் தண்ணி விட்டுத் தேய்க்காத. பட்டி ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணிய உறிஞ்சும். மேல பிரைமர் அடிச்சு மூடிட்டா அந்தத் தண்ணிக்கு வெளிய போக வழி கிடையாது, தகரத்துல துருவ உண்டாக்கி கொப்புளமா எழும்பும். நான் மட்கார்டுல இதைச் செஞ்சேன், அடிச்சப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஏழு மாசம் கழிச்சு வெயில் காலத்துல வரிசையா முத்து முத்தா எழும்புச்சு. ஏன்னு புரியிறதுக்கே நாளாச்சு. பட்டிய உலர்வா தேய், 80-ம் நம்பர் தாள்ல உருவத்துக்குக் கொண்டு வா, 180, அப்புறம் 320. விரல வெச்சுத் தேய்ச்சா விரல் பட்ட இடம்லாம் பள்ளமாகும், தாளை ஒரு மரக்கட்டைலயோ கெட்டி ரப்பர்லயோ சுத்திக்கோ, டேங்க் வளையுற இடத்துக்கு மெத்துன்னு இருக்கிறது.

சரியா வந்திருக்கான்னு கண்ண மூடிட்டு உள்ளங்கைய தட்டையா வெச்சு மெல்ல நகர்த்திப் பாரு. நடுவுல ஒரு மெல்லிய துணி இருந்தா இன்னும் நல்லா தெரியும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும், இத எனக்கு ஸ்ப்ரே கன் பிடிக்கக் கத்துக்குடுத்தவர் முதல் நாள் சொன்னாரு, அந்த கன்னை என் கைல குடுக்கறதுக்கே அவரு ஒரு மாசம் எடுத்துக்கிட்டாரு. அந்த ஒரு மாசமும் தேய்ப்பு தான்.

பிப்ரவரி 12

கட்டைல சுத்தித் தேய்க்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது கலர்ல மேலாக்க ஒரு தூவல் தூவு, கருப்பு ஸ்ப்ரே இருந்தா ஒரு அடி தூரத்துல இருந்து சும்மா தூவு. தேய்ச்சா மேடு முதல்ல வெளுக்கும், பள்ளத்துல கருப்பு அப்படியே நிக்கும். கை சொல்றத கண்ணுக்கும் காட்டிடும். பிரைமர் அடிச்ச பிறகும் இதையே செய்யலாம், அங்க தண்ணி விட்டு 600 வரைக்கும் போகலாம், தகரமோ பட்டியோ எட்டிப் பாக்காத வரைக்கும்.

பிப்ரவரி 18

தம்பி தனியா கேட்டதுக்கு இங்கயே பதில். டின் எப்படிப் பிடிக்கணும்?

டின்ன அடிக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் நிக்க வை, வெந்நீர் இல்ல, கை தாங்குற சூடு, டின் மேலயே 50 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கும், வெடிச்சிடும். உள்ள அழுத்தம் கொஞ்சம் கூடும், தூவல் பொடியா வரும். உள்ள இருக்கிற குண்டு சத்தம் போட ஆரம்பிச்ச பிறகு ரெண்டு நிமிஷம் முழுசா குலுக்கு. ரெண்டு நிமிஷம்னா கடிகாரம் பாத்து.

20, 25 சென்டிமீட்டர் தூரம். மணிக்கட்ட வளைக்காம கைய மொத்தமா நகர்த்து. பேனலுக்கு வெளிய அழுத்த ஆரம்பிச்சு, தாண்டி வெளிய போய் விடு, பேனல் மேல ஆரம்பிச்சு நிறுத்தினா அங்க குவியும். ஒவ்வொரு வரியும் முந்தின வரில பாதிய மூடணும். முதல் கோட்டு அரைகுறையா, அடி தெரியிற மாதிரி, புகை படிஞ்ச மாதிரி இருக்கணும். அங்கதான் கை பரபரக்கும், இன்னும் கொஞ்சம் அடிச்சா மூடிடுமேன்னு. மூடாத. அடுத்ததுல மூடும். பதறாத காரியம் சிதறாதுன்னு சொன்னது இதுக்கும் தான்.

விளக்கை நேரா மேல வைக்காம பக்கவாட்டுல சாய்வா வை. ஈரமா படியுதா, வறட்டுப் பொடியா படியுதான்னு அந்த வெளிச்சம் வழுக்குறதுல தெரியும்.

காலைல பதினோரு மணி வாக்குல அடிக்கறது நல்லது. சாயங்காலம் காத்து குளிர ஆரம்பிச்சா ஈரம் படியும். தின்னர் வேகமா ஆவியாகும்போது பேனல இன்னும் குளிர வெச்சிடும், காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு லேக்கர் பால் பூத்த மாதிரி வெளுத்துப் போகும். மழை நாள்ல சும்மா இரு.

பிப்ரவரி 18, ராத்திரி

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. பத்து, பதினஞ்சு நிமிஷம், மினுமினுப்பு மங்கினதும் அடுத்தது. ஆனா டின் பின்னாடி ஒரு வரி இருக்கும், யாருமே படிக்க மாட்டாங்க: ஒரு மணி நேரத்துக்குள்ள அடிங்க, இல்லன்னா 24 மணி நேரம் கழிச்சு அடிங்க, சிலதுல 48ன்னு இருக்கும். அந்த நடு நேரம்தான் எமன். மேல தோல் காஞ்சிருக்கும், உள்ள காஞ்சிருக்காது, புதுசா வர்ற தின்னர் அந்தத் தோல ஊற வெச்சுத் தூக்கிடும், மொத்தமும் சுருக்கம் விழும். காலைல அடிச்சிட்டு, வேற வேலை முடிச்சிட்டு, சாயங்காலம் இன்னொரு கோட்டு அடிக்கலாம்னு வர்றவங்களுக்கு எல்லாம் இது நடக்கும். எனக்கும் நடந்துச்சு. உன் ஒரே ஞாயிறு திட்டம் இங்கதான் விழும் தம்பி.

பிப்ரவரி 20

டேங்குக்கு மட்டும் ஒரு தனிப் பிரச்சனை. பெட்ரோல். சாதாரண டின்ல வர்ற கிளியர் கோட்டு (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) மேல பெட்ரோல் சிந்தினா பிசுபிசுன்னு ஆகி கைரேகை பதியும். காய்ஞ்சு ஒரு வருஷம் ஆனாலும் அது லேக்கர் தான், கரைப்பான் பட்டா கரையும். அதனால டேங்குக்கு ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் தான் போடணும். அது டின்லயே வருது, அடிப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினா உள்ள ஹார்டனர் உடைஞ்சு கலக்கும், அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள முடிச்சிடணும், மீதி உள்ளயே கெட்டியாகிடும்.

கரி வடிகட்டி வெச்ச மாஸ்க் போட்டுக்கிட்டா போதும், வாசல்ல வெச்சு அடிச்சிடலாம்.

பிப்ரவரி 22

மேல கடைசி வரில எழுதினத திருத்துறேன். ரெண்டு நாளா மனசுல உறுத்துது. அத அழிக்காம விடுறேன், ஏன்னா பல இடத்துல இதையே தான் எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க, அது எங்க தப்புன்னு தெரியணும்.

ஹார்டனர்ல இருக்கிறது ஐசோசயனேட். தின்னர் மாதிரி இல்ல இது. தின்னர் வாடை மூக்குல ஏறும், தலை சுத்தும், நாமளே வெளிய வந்துடுவோம். ஐசோசயனேட் வாடை தெரியறதுக்கு முன்னாடியே கெடுதல் பண்ற அளவு உள்ள போயிருக்கும். கரி வடிகட்டி தீர்ந்து போனா தின்னருக்கு வாடை வெச்சுக் கண்டுபிடிக்கலாம், இதுக்கு முடியாது, அதனால மாஸ்க் வேலை செய்யுதா இல்லையான்னே தெரியாம நின்னுட்டிருப்போம். தாடி இருந்தா ஓரத்துல காத்து புகும், அதுவும் தெரியாது. தோல் வழியாவும், கண்ணு வழியாவும் கூட பாதிப்பு உண்டு.

இது என்ன பண்ணும்னா, சிலருக்கு உடம்பு அதுக்குப் பழக மறுத்து, ஆஸ்துமாவா திரும்பும். ஒரு தடவை அப்படி ஆச்சுன்னா அதுக்கப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். எத்தனாவது தடவைல ஆகும், யாருக்கு ஆகும்னு முன்கூட்டி சொல்ல முடியாது.

எனக்குக் கத்துக்குடுத்தவர் பத்தி எழுதினேனே, உள்ளங்கையால பாக்கச் சொன்னவர். அவருக்கு இதுதான் ஆச்சு. இருபது வருஷத்துக்கு மேல வாய்ல கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிச்சாரு. இப்ப அவரால பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு வெளிய தெருவுல கூட நிக்க முடியல. போன வருஷம் நான் அடிச்ச ஒரு மட்கார்டு நல்லா காஞ்சு ரெண்டு மாசம் ஆன பிறகு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன், கைல வாங்கி கண்ண மூடித் தடவிப் பாத்து சரியா இருக்குன்னு சொன்னாரு. அவர் கை இன்னும் சரியாத்தான் இருக்கு, மூச்சுதான் சரியில்ல. அவரத் தெரிஞ்சிருந்தும் நான் கரி மாஸ்க் போதும்னு எழுதிட்டேன்.

சரியான வழி வெளிக்காத்த குழாய் வழியா முகத்துக்குக் கொண்டு வர்ற மாஸ்க், உடம்பு முழுக்க மூடின உடுப்பு, நைட்ரைல் கையுறை, காத்த இழுத்து வடிகட்டி வெளிய தள்ளுற அறை. அது வீட்டுல கிடையாது. அதனால என் யோசனை மாறிடுச்சு: தேய்ப்பு, பட்டி, பிரைமர், கலர் வரைக்கும் நீ செய். எல்லாமே ஹார்டனர் இல்லாத டின்னா வாங்கு. கலர் அடிச்சு நல்லா காஞ்ச டேங்க, அந்த அறையும் காத்து மாஸ்க்கும் வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட குடுத்து கிளியர் மட்டும் அடிச்சு வாங்கு. குடுக்கறதுக்கு முன்னாடி நீ அடிச்ச டின் என்ன வகைன்னு அவர்கிட்ட சொல்லு, அவர் முதல் கோட்ட லேசா அடிச்சு ஆரம்பிப்பாரு.

பேனல், மட்கார்டுக்கு டின் கிளியரே போதும், அங்க பெட்ரோல் சிந்தாது.

பிப்ரவரி 23

ஒரு அக்கா கேட்டிருக்காங்க, டின்ல ஹார்டனர் இல்லன்னா மாஸ்க்கே வேண்டாமான்னு. வேணும்க்கா. அதுல ஐசோசயனேட் இல்ல, ஆனா தின்னர் ஆவியும் பெயின்ட் தூவலும் இருக்கு, அதுக்குக் கரி வடிகட்டியும் முன்னாடி தூசி வடிகட்டியும் சேர்ந்த மாஸ்க் சரியான பொருள். துணி மாஸ்க் எதுக்கும் உதவாது. அடிக்கிற இடத்துல கேஸ் அடுப்பு, ஹீட்டர், பொறி பறக்கற பழைய மின்விசிறி எதுவும் ஓடக் கூடாது, டின்ல தள்ளி விடுற வாயுவே எரியிற வாயு தான். நாய், பூனை, குழந்தை எல்லாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வீட்டுக்காரர் அடிக்கிறார்னா தாடிய எடுக்கச் சொல்லுங்க.

மார்ச் 1

"இவ்வளவு நாள் காத்திருக்கணுமா"ன்னு தம்பி நேத்து அலுத்துக்கிட்டான். காத்திருக்கறது நம்மோட முடியல, நம்மோட ஆரம்பிக்கவும் இல்ல. கார் வந்த புதுசுல குதிரை வண்டிக்கு அடிச்ச மாதிரியே தூரிகைல வார்னிஷ் பூசினாங்க, ஒரு காருக்குக் கோட்டு மேல கோட்டா வாரக்கணக்குல ஆகும். ஃபோர்டோட மாடல் டி 1914-ல இருந்து 1925 வரைக்கும் கருப்பு மட்டும்தான். 1924 மாடல் ஓக்லாண்ட் கார்ல டூபான்ட் கம்பெனியோட டூகோ லேக்கர் வந்துச்சு, நைட்ரோசெல்லுலோஸ்ல செஞ்சது, அத ஸ்ப்ரேல அடிக்கலாம், காயறதுக்கு வாரக்கணக்கு தேவையில்ல. நீ இன்னைக்குப் பத்து நிமிஷத்துல அடுத்த கோட்டு அடிக்கிறியே, அதோட ஆரம்பம் அங்க.

அந்த ஸ்ப்ரே கன்னும் ஒரு டாக்டர் வீட்டுல இருந்து வந்ததுதான். டெவில்பிஸ்னு ஒரு டாக்டர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செஞ்சாரு, அவர் மகன் அதையே பெயின்ட்டுக்கு மாத்தினாரு. தொண்டைக்கு நல்லது பண்ண வந்த கருவி. பிப்ரவரி 22 குறிப்பை எழுதின பிறகு இத நினைச்சா மனசு கனக்குது.

மாஸ்கிங் டேப் கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. 1920-கள்ல ரெண்டு கலர் கார் மோகம். ஒரு கலர மறைக்க காகிதத்தப் பசை போட்டு ஒட்டுவாங்க, பிரிச்சா புது பெயின்ட்டும் சேர்ந்து வரும். த்ரீஎம் கம்பெனி அப்ப உப்புத்தாள் தான் செஞ்சிட்டிருந்துச்சு. அங்க வேலை பாத்த ரிச்சர்ட் ட்ரூ, தாளச் சோதிக்கக் கொண்டு போன பட்டறைல பெயின்டர் வயிறெரிஞ்சு கத்தினதக் கேட்டாரு. 1925-ல டேப் வந்துச்சு. உப்புத்தாள் விக்கப் போனவரு பெயின்டர் பேச்சக் காது குடுத்துக் கேட்டிருக்காரு.

மார்ச் 1, ராத்திரி

டேப்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. டேங்க்ல கோடு போடப் போறதா தம்பி சொல்லியிருந்தான். டேப் ஓரத்த நகத்தால அழுத்தி ஒட்டு. மறைக்கறதுக்கு நியூஸ் பேப்பர் வேண்டாம், பெயின்ட் ஊறி அடில இறங்கும். கடைசியா அடிச்ச பெயின்ட் மினுமினுப்பு மங்கி அரைமணி ஆனதும் டேப்ப அது மேலயே மடக்கிச் சாய்வா மெல்ல இழு. முழுசா காஞ்ச பிறகு பிரிச்சா ஓரம் பல்லு பல்லா உடையும், நாள்கணக்குல விட்டா பசை தங்கிடும்.

மார்ச் 4 (கேட்ட தம்பி)

அண்ணே, கலர் அடிச்சாச்சு. சிவப்பு. பேனல் ரெண்டும் நல்லா வந்திருக்கு. டேங்க்ல மூடிக்குக் கீழ ஒரு ஒழுகல். தொடைச்சு விடவா? இன்னும் ஈரமாத்தான் இருக்கு.

மார்ச் 4, அஞ்சு நிமிஷத்துல

தொடாத. கைய எடு.

மார்ச் 4, ராத்திரி

அவசரமா எழுதிட்டேன். ஈரத்துல தொட்டா ஒரு ஒழுகல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். அது பாட்டுக்குக் காயட்டும். ஒழுகல் தடியா இருக்கிறதால சுத்தி இருக்கிறத விட லேட்டா காயும், ஒரு வாரம் விடு. அப்புறம் சின்னக் கட்டைல 1000 சுத்தி, தண்ணி விட்டு, ஒழுகல் மேல மட்டும். சுத்தி ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிக்கிட்டா நல்ல இடம் தேயாது. சமமானதும் டேப்ப எடுத்துட்டு லேசா ஒரு கோட்டு. சாதா சிவப்புங்கிறதால தப்பிச்ச, மெட்டாலிக்கா இருந்தா அந்த இடத்துல அலுமினியப் பொடி வேற மாதிரி படுத்து கரும்பட்டையா தெரியும், டேங்க் முழுக்க அடிக்க வேண்டி வரும்.

பூச்சி வந்து உக்காந்தாலும் இதே பதில். விடு. காஞ்ச பிறகு தேய்ச்சுக்கலாம்.

ஆமா, சிவப்புக்கு அடில என்ன பிரைமர் அடிச்ச? சாம்பல் மேல சிவப்பு மூடறதுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், அதனால தான் கூட அடிச்சு ஒழுகிச்சோன்னு தோணுது. சிவப்பு, மஞ்சளுக்கு வெளுத்த பிரைமர் தான் வசதி. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

மார்ச் 9

கம்ப்ரசர் வெச்சிருக்கிற ஒருத்தர், 50 லிட்டர் டேங்க், கார் பானெட் அடிக்க ஹெச்விஎல்பி கன் (நிறைய காத்த குறைஞ்ச அழுத்தத்துல விடுற ஸ்ப்ரே கன்) வாங்கலாமான்னு கேட்டிருக்காரு. டேங்க் எத்தனை லிட்டர்ங்கிறது இல்ல விஷயம், நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து குடுக்குதுங்கிறது தான். பெரிய ஹெச்விஎல்பி கன் 10 சிஎஃப்எம்முக்கு (நிமிஷத்துக்கு 10 கன அடி காத்து) மேல கேக்கும், வீட்டுக் கம்ப்ரசர் பெரும்பாலும் அதுல பாதி தான் குடுக்கும். பாதி பானெட்லயே அழுத்தம் இறங்கி, தூவல் பொடியா வர்றது நின்னு துளித்துளியா விழும், பானெட் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். 0.8, 1.0 மில்லிமீட்டர் முனை வெச்ச சின்ன கன் வாங்குங்க, தூவல் அகலம் கம்மி, ஆனா காத்து போதும். பைக்குக்கு அது தான் சரியும் கூட.

காத்த அழுத்தினா சூடாகும், குழாய்ல ஆறும்போது தண்ணியா படியும். அடி வால்வ தினமும் திறந்து வடிங்க, கன்னுக்கு முன்னாடி தண்ணி பிரிக்கிற பில்டர். நீளமான குழாய சுருட்டி வாளித் தண்ணில போட்டுட்டு அதுக்கப்புறம் பில்டர் வெச்சா தண்ணி பில்டர்லயே நின்னுடும், கன்னுக்கு வராது.

பெயின்ட்டும் ஹார்டனர் இல்லாததா பாத்துக்கோங்க. பிப்ரவரி 22 குறிப்பு உங்களுக்கும் தான்.

மார்ச் 19 (கேட்ட தம்பி)

ஒழுகல் போயிடுச்சு. இப்ப தேடினாலும் தெரியல. டேங்க கிளியருக்குக் குடுத்திருக்கேன். அடிக்கறவரு பட்டி போட்ட இடத்த கண்டுபிடிக்க முடியலன்னு சொன்னாரு.

மார்ச் 19, ராத்திரி

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை தேய்ப்பு. ரொம்ப சந்தோஷம்டா.

பேனலுக்கு நீ அடிச்ச டின் கிளியரை ஒரு வாரமாவது விட்டுட்டுத் தேய். 2000, அப்புறம் 3000, நிறைய தண்ணி, ஒரு சொட்டு சோப்பு. கிளியர் மொத்தமே தலைமுடி கனம் கூட இருக்காது, ஓரத்துலயும் மடிப்புலயும் இன்னும் மெல்லிசு, அங்க முதல்லயே டேப் ஒட்டிடு. தண்ணி வெள்ளையா வந்தா கிளியர் தேயுது. சிவப்பா வந்தா நிறுத்து. அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், கையாலயே. மெழுகு பாலிஷ் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு வேண்டாம், உள்ள மிச்சமிருக்கிற தின்னர் வெளிய போகணும்.

ஏப்ரல் 2 (கேட்ட தம்பி)

டேங்க் வந்துடுச்சு அண்ணே. நாளைக்கு மாட்டுறேன்.

ஏப்ரல் 2, ராத்திரி

மாட்டறதுக்கு முன்னாடி டேங்க் உக்கார்ற ரப்பர் ரெண்டையும் பாரு, பன்னெண்டு வருஷத்துல கல்லாகியிருக்கும், புதுசு போடு, இல்லன்னா பிரேம்ல உரசி அடில இருந்து துரு ஆரம்பிக்கும். பின் போல்ட்ட மாட்டும்போது டேங்க் மேல தடியா ஒரு போர்வையப் போர்த்திக்கோ, ஸ்பேனர் கை தவறினா அங்க தான் விழும். பெல்ட் பக்கிள கழட்டி வெச்சிட்டு உக்காரு. மாட்டி முடிச்சதும் வெயில்ல நிறுத்தி, பக்கவாட்டுல இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எனக்குக் கத்துக்குடுத்தவர்கிட்ட கொண்டு போய்க் காட்டணும்.

ஏப்ரல் 5

போட்டோவ காட்டிட்டேன். அந்த இடது பக்க அமுக்கு எங்க இருந்துச்சுன்னு கேட்டாரு. விரலால தொட்டுக் காட்டினேன், போனை இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கிப் பாத்தாரு.